அமாவாசையில் எடுத்த கணக்கு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "ஊக்கம் தரும் விதமாக இருந்தால் நல்லது" என்று கூடவே ஒரு வரி. மத்திய சர்க்காரின் கைத்தறி அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்து எழுந்தவனிடம் முதுகுவலி இருக்கும், ஊக்கம் இருக்காது. இருப்பதைத் தருகிறேன்.

முதலில் டில்லியைத் திட்டிவிடுகிறேன். அதைச் செய்யாமல் எங்கள் அலுவலகத்தில் யாரும் காலைக் காபி குடித்ததில்லை. நான் சேர்ந்த புதிதில் டில்லியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு தறிக்கும் ஒரு தாள். எட்டாவது கட்டத்தில் 'இயந்திரத்தின் குதிரைத்திறன்' என்று கேட்டிருந்தார்கள். விசைத்தறிக்கு அடித்ததையே கைத்தறிக்கும் அனுப்பிவிட்டார்கள். கைத்தறிக்கு ஏது குதிரை? மிதிக்கிற மனுஷனுடைய இரண்டு கால்தான். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். எட்டாவது கட்டம் பூர்த்தியாகவில்லை என்று மொத்தக் கட்டும் திரும்பி வந்தது.

எங்கள் சூப்பிரண்டு கிராம்பு மெல்லுகிறவர். கோபம் வந்தால் இரண்டு கிராம்பு. அன்றைக்கு ஒன்றுதான் போட்டுக்கொண்டார். "பொருந்தாதுன்னு எழுதுப்பா. காலி இடத்தைப் பாத்தா அவங்களுக்குப் பயம் வந்துடும்" என்றார். எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். டில்லியில் இருப்பவர்கள் எல்லோரும் முட்டாள்கள், அல்லது கல்நெஞ்சக்காரர்கள் என்று அன்று முடிவு கட்டினேன். அந்த முடிவு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. நம் அலுவலகத்தில் நடக்கிற எந்தத் தப்புக்கும் ஆயிரம் மைல் தள்ளி ஒருவன் பொறுப்பு என்றால் யாருக்குத்தான் வசதி இல்லை?

தொண்ணூறுகளின் நடுவில் தறிக் கணக்கெடுப்புக்காக ஆரணிக்குப் போனேன். நெசவாளர் தெரு ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார்கள். கையேட்டில் தெளிவாகப் போட்டிருந்தது: 'பார்வையிடும் நாளன்று தறி இயங்குகிறதா, இல்லையா?' நான் போன நாளில் தெருவே அமைதியாக இருந்தது. ஆண்கள் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீடாக ஏறி, தறி ஓடுதா என்று கேட்டேன். "இன்னிக்கு ஓடல சார்" என்றார்கள். கடைசி வீடு வரைக்கும் அதே பதில். வீட்டுக்கு வீடு 'இயங்கவில்லை' என்று டிக் அடித்தேன். ஒரு வீட்டில் மோர்கூடக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு அமாவாசை. அமாவாசையில் நெசவாளர் தறியில் கால் வைக்கமாட்டார் என்பது ஆரணியில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அதை ஒருவரிடம் எடுத்துச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? நான் அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் கிழமையே கிடையாது, அப்பாவின் டியூட்டிதான். அமாவாசை என்றால் எனக்கு வடை. அதற்கு மேல் தெரியாது.

அடுத்த வருஷம் என்னை ஆரணி முகாமுக்கே மாற்றினார்கள். வந்து சேர்ந்ததும் அதே தெருவில்தான் அறை கிடைத்தது. போன வருஷம் கணக்கெடுத்துவிட்டுப் போன முகத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் ஏகாம்பரம், அவர் மனைவி தனபாக்கியம். ஏகாம்பரம் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர். நான் அவரை அண்ணா என்றேன். அவர் எனக்கு வைத்த பெயர் டில்லி. மத்திய சர்க்கார் ஆள் இல்லையா, அதனால்.

"இன்னா டில்லி, இன்னிக்கு எங்களுக்கு இன்னா சட்டம் கொண்டாந்துகிறீங்க?" என்று தறிக்குழியில் இருந்தபடியே கேட்பார். நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சும் ஓடும். பெட்ரோல் விலை ஏறினாலும் என்னைத்தான் கேட்பார், ஆரணிக்கு மழை பெய்யாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார். "டில்லி நெனச்சா நடக்காதா?" தனபாக்கியம் நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே சிரிப்பார். என் கல்யாணத்துக்கு முந்திய அந்த இரண்டு வருஷத்தில் என்னை அந்த அளவுக்குக் கிண்டல் செய்தவர் வேறு யாரும் இல்லை. கிண்டலுக்கு ஆளாவது ஒரு சொத்து என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

குடிவந்த முதல் மாதமே தெரு ஒருநாள் அமைதியானது. என்னண்ணா என்று கேட்டேன். "அமாவாசை" என்றார். உள்ளே போய் என் பழைய டைரியைக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஒரு முழுத் தெருவின் தறிகளைச் செத்த தறி என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. பழைய கட்டை யார் பிரிக்கப்போகிறார்கள் என்று டைரியை மூடிவிட்டேன்.

ஏகாம்பரத்தின் கவலை வேறாக இருந்தது. அவர் இருந்தது வாடகை வீடு. அவர் தறி குழித்தறி, தரையைத் தோண்டிக் கால் இறக்கிப் போட்டது. அவருடைய அப்பா தோண்டிய குழி. வீட்டுக்காரர் மகன் வந்து, இடித்துக் கட்டி மொசைக் போடப்போகிறேன், பங்குனிக்குள் காலி செய்யுங்கள் என்றுவிட்டான். ஊர் முழுக்க வீடுகளுக்கு சிமெண்டும் மொசைக்கும் போட ஆரம்பித்திருந்த காலம். குழி தோண்ட எந்த வீட்டுக்காரர் விடுவார்? ஏகாம்பரம் ஏறி இறங்காத தெரு இல்லை. "வாடகை எவ்ளோ வோணா குடுக்கறன்றேன், குழின்னதும் கதவ சாத்துறான்" என்றார். வீடு போனால் தறி போகும். தறி போனால் அவருக்கு வேறு வேலை தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் நெசவாளருக்குத் தறியோடு சேர்த்து வீடு கட்டித் தரும் மத்திய சர்க்கார் திட்டம் வந்தது. தனபாக்கியத்துக்கு அவர் அம்மா கொடுத்த இரண்டு சென்ட் இடம் களம்பூர் ரோட்டோரம் இருந்தது. மனுவை நானே எழுதினேன். தகுதி எல்லாம் சரியாக இருந்தது. இரண்டே மாதத்தில் பதில் வந்தது: 'பதிவேட்டின்படி மனுதாரரின் தறி இயங்கும் நிலையில் இல்லை. நிராகரிக்கப்படுகிறது.'

பதிவேட்டில் இருந்தது என் டிக்.

சென்னைக்குப் போய் சூப்பிரண்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் மட்டும் சொன்னேன். இரண்டு கிராம்பு போட்டுக்கொண்டார். "கணக்கு எடுத்த அன்னைக்கு அமாவாசை, பதிவு பண்ணது என் தப்புன்னு ஒரு வரி எழுது. நான் மேல அனுப்பறேன்."

"மெமோ வருமே சார்."

"வரும்."

"நிரந்தரம் தள்ளிப்போகுமே?"

"போகும்" என்றார். மனுஷர் ஒரு வார்த்தை வற்புறுத்தியிருக்கலாம் என்று அவர் மேல் பல வருஷம் கோபமாக இருந்தேன்.

நான் அந்த ஒரு வரியை எழுதவில்லை. அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு கடிதம் எழுதினேன். மறு பரிசீலனை கோரி, மனிதாபிமான அடிப்படையில், பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று. எதிலும் அமாவாசை என்ற வார்த்தை இல்லை. டில்லி சென்னையைக் கேட்கும், சென்னை என்னைக் கேட்கும், நான் டில்லியைக் கேட்பேன். சாயங்காலம் ஏகாம்பரம் வீட்டில் டீ குடித்துக்கொண்டு, "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் அண்ணா, அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதயமே கிடையாது" என்று அலுத்துக்கொள்வேன். அவர் என்னைத் தேற்றுவார். "உடுங்க டில்லி, நீங்க இன்னா பண்ணுவீங்க? பேஜார் பண்றானுங்க" என்று எனக்காக அவரும் சேர்ந்து திட்டுவார். நான் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பேன்.

கடைசியில், நேரில் பார்த்து முடிவு செய்ய டில்லியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. தேதியைப் பார்த்தேன். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். கார்த்திகை அமாவாசை.

தேதியை மாற்றக் கேட்டு ஒரு தந்தி அடித்தால் போதும். ஆனால் காரணம் கேட்பார்கள். அமாவாசையில் தறி ஓடாது என்றால், அப்படியானால் கணக்கெடுத்த நாள் என்ன நாள் என்று யாராவது ஒருவன் காலண்டரைத் திருப்பிப் பார்ப்பான். நான் தந்தி அடிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்கு அதிகாரி வருகிறார் அண்ணா. தறி ஓடுவதை அவர் கண்ணால் பார்க்கவேண்டும்."

"நாளைக்கு அமாவாசயாச்சே டில்லி. ஒங்களுக்குத் தெரியாததா?"

"ஒரு பத்து நிமிஷம் ஓட்டினால் போதும்."

அவர் நாடாவை நிறுத்திவிட்டார். "மத்த நாள்ல இது என் தறி. அமாவாச அன்னிக்கு எங்க நைனாவோட தறி. அவருக்குப் படையல் போட்டுட்டு, அவரு தறில நானு கால வெக்கறதா? அந்த ஆபீசருகிட்ட விசயத்த சொல்லுங்களேன். மறுநா வந்து பாக்கட்டும். நாள் முழுக்க ஓட்டிக் காட்டறேன்."

"டில்லிக்கு அமாவாசை எல்லாம் புரியாது அண்ணா" என்றேன்.

இந்த வார்த்தையை எத்தனையோ தரம் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்திருக்கிறேன். சொன்ன சொல்லை வாங்கிப் போட ஊரில் கடை இல்லை.

தனபாக்கியம் தார் சுற்றுவதை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "ஊடு வோணும்தான். அதுக்குன்னு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் பதினோரு மணி வாக்கில் அதிகாரி வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஜீப்பில் வந்தார். வடக்கத்திக்காரர். வெயிலுக்குக் கழுத்தில் துண்டு போட்டிருந்தார். நான் எதிர்பார்த்த கல்நெஞ்சம் முகத்தில் இல்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தார். ஏகாம்பரம் குளித்து, விபூதி பூசி, பட்டினியாக நின்றிருந்தார். படையலுக்கு இலை போட்டிருந்தது. தறி கழுவித் துடைத்து, பொட்டு வைத்துச் சும்மா இருந்தது.

அதிகாரி தறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஓடுகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஏகாம்பரமும் என்னைத்தான் பார்த்தார். நான் ஏதாவது சொல்லித் தடுத்துவிடுவேன் என்று அந்தக் கடைசி நிமிஷத்திலும் நம்பியிருக்கிறார்.

"ஏகாம்பரம், நெய்யுங்கள்" என்றேன். அண்ணா என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் குழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார். மிதியை மிதித்தார். அமைதியான தெருவில் ஒரே ஒரு தறியின் சத்தம். எதிர் வீட்டுக் கதவு திறந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. நாலு விரற்கடை துணி ஏறியிருக்கும். அதிகாரி போதும் என்று கையைக் காட்டி, தறி நல்ல நிலையில் இயங்குகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தனபாக்கியம் சமையல்கட்டிலிருந்து வெளியே வரவே இல்லை.

மத்தியானம் அதிகாரியைச் சாப்பிட அழைத்துப்போனேன். இலையில் வடையும் பாயசமும் வந்தன. என்ன விசேஷம் என்று கேட்டார். பரிமாறியவரே முந்திக்கொண்டு, "அமாவாச சார்" என்றார். அந்த வார்த்தை வடக்கத்திக்காரருக்கும் புரிந்துவிட்டது. பிசைந்த கையை எடுத்துவிட்டார்.

"என் அப்பா தச்சர். எங்கள் ஊரில் அமாவாசையன்று உளியைத் தொடமாட்டார்கள்" என்றார். "உங்கள் நெசவாளர்களுக்கு அப்படி ஏதும் இல்லையா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் வேலூரில்தான் தங்கியிருக்கிறேன். நாளைக்கு வந்திருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார். குரலில் கோபம் இல்லை. அப்புறம் அவர் சாப்பிடவும் இல்லை. படிவத்தில் குதிரைத்திறன் கேட்ட டில்லியை எனக்குத் தெரியும். இந்த டில்லியை எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் நான் முயற்சி செய்ததில்லை.

தை மாதம் வீட்டுக்கு உத்தரவு வந்தது. அவசர அவசரமாகச் சுவர் எழுப்பி, வீட்டுக்காரரிடம் கூடுதலாகக் கொஞ்ச நாள் கேட்டு வாங்கி, களம்பூர் ரோட்டு வீட்டில் புதுக்குழி தோண்டி அப்பாவின் தறியை இறக்கினார் ஏகாம்பரம். கிரகப்பிரவேசத்தில் என்னைத்தான் முதலில் உள்ளே போகச் சொன்னார். "டில்லி போங்க மொதல்ல" என்றார். அமாவாசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது டில்லியின் தப்பு, என் தப்பு இல்லை என்று அவர் மனதில் தீர்த்துவிட்டார். அந்த நம்பிக்கையோடு அவர் எனக்குப் பரிமாறிய சாப்பாட்டை நான் சாப்பிட்டேன்.

ஆனால் தெருவில் மற்றவர்கள் இருந்தார்களே. அவர்களுடைய மனுக்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், ஒரே டிக். இனிமேல் எத்தனை பேரை அமாவாசையில் குழிக்குள் இறக்குவது? ஒருநாள் காலையில், யோசிக்க நேரம் கொடுக்காமல், அந்த ஒரு வரியை எழுதி சூப்பிரண்டுக்கு அனுப்பினேன். மெமோ வந்தது. நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. நான் பயந்தது அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காய்ச்சலை எல்லாம் தாங்கியிருக்கிறேன்.

மூன்றே வாரத்தில் டில்லியிலிருந்து உத்தரவு வந்தது. தெரு முழுவதும் 'இயங்கும் தறி' என்று திருத்தியாகிவிட்டது. பன்னிரண்டு கடிதத்துக்கு அசையாத டில்லி ஒரு வரிக்கு அசைந்தது.

உத்தரவை எடுத்துக்கொண்டு நேராக ஏகாம்பரம் வீட்டுக்கு ஓடினேன். பாராட்டு வாங்கத்தான் போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் தறியில் இருந்தார். "இன்னா டில்லி, ஜல்தியா வர்றீங்க, லாட்டரி அடிச்சிகிச்சா?" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை நின்றபடியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'கணக்கெடுப்பு நாள் அமாவாசை என்பதாலும், அதைக் கவனிக்கத் தவறியது தமது பிழையே என்று சம்பந்தப்பட்ட ஊழியர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டதாலும்...' அந்த இடத்தில்தான் நான் என்ன படிக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. நிறுத்திவிட்டேன். நாடாவும் நின்றிருந்தது.

"அந்தக் கணக்கு எடுத்தது நீங்களா?"

"ஆமாம் அண்ணா."

"ஒப்புகினு லெட்டரு எப்ப போட்டீங்க?"

"போன மாசம்."

"போட்டு எத்தினி நாள்ல வந்துது?"

"மூணு வாரம்."

அவர் நாடாவை எடுத்து ஓரமாக வைத்தார். "அப்ப டில்லிக்குப் புரியுது" என்றார்.

பிறகு குழியிலிருந்து ஏறி வந்து, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டால் தூசு தட்டினார். அதற்கு முன் அந்த வீட்டில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை, தறிக்குழி ஓரத்தில் தரையில்தான் உட்காருவேன்.

"ஒக்காருங்க சார். காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். டில்லியைத் திட்டுங்கள், தப்பில்லை, அதற்குக் காரணமும் நிறைய இருக்கிறது. திட்டுவதற்கு முன் உங்கள் மேஜை இழுப்பறையில் எழுதாமல் கிடக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள். நான் பதவி உயர்வு வாங்கினேன், பிரிவுபசார விழாவில் சால்வை வாங்கினேன், எல்லா ஊரிலும் எல்லோரும் என்னைச் சார் என்றார்கள். அந்தப் பழைய கிண்டலுக்காக இன்னும் ஏங்குகிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை ஆரணிக்குப் போகிறேன். அமாவாசையாகப் பார்த்துத்தான் போவேன், அன்றைக்குத்தான் அவர் ஓய்வாக இருப்பார். போன மாதமும் போனேன். தனபாக்கியம் வாசலில் உட்கார்ந்து படையலுக்கு வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே திரும்பினார். கூப்பிடப்போகிறார் என்று தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் போலச் செருப்பைக் கழற்றாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று காத்து நின்றேன்.

"ஏங்க, சார் வந்துகிறாரு" என்றார்.